எலிக்கூண்டுக்குள் ஒரு மக்ரூன்

பேனாப் பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். அக்ரிலிக் பட்டைகளைப் பிரியாமல் ஒட்டுவது எப்படி? அதைச் சொல்ல இன்றைக்கு நான் எதற்கு? பசைப் புட்டியின் மேலேயே எல்லாம் அச்சடித்திருக்கிறான். காற்றில் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும் கருவியைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறீர்கள். அதனால் ஒட்டுவதைப் பற்றி நான் சொல்லப்போவதில்லை. ஒட்டியது சரியில்லை என்று தெரிந்தபிறகு, அந்தப் பேனாவை ஒருத்தி கையில் வைத்துக்கொண்டு நம்பி நிற்கும்போது, என்ன செய்வது என்பதைப் பற்றிச் சொல்கிறேன். அது எந்தப் புட்டியின் மேலும் இருக்காது.

எழுபதுகளில் தூத்துக்குடியில் எங்கள் பட்டறை சின்னதுதான். முன்னறையில் ஆண்கள் லேத்தில் பேனா கடைவார்கள். பின்னறையில் ஒட்டு மேசை. அதில் பெண்கள் மட்டும். மேசைக்குப் பொறுப்பு நான். இரண்டு நிறத்து அக்ரிலிக் பட்டைகளை, அவற்றின் விளிம்பை இளக்கும் குளோரோஃபார்ம் தடவி ஒட்டி, நீளமாக அறுத்துக் கொடுப்போம். அதைத்தான் 'கட்டை' என்போம். முன்னறைக்காரர்கள் அதைத் துளைபோட்டுக் கடைந்தால் பேனாவின் உடம்பில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோட்டுக்காகத்தான் எங்கள் பேனாவைக் கேட்டு வாங்கினார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துப் பேனாவுக்குள் உங்கள் பேனாவைப் போலக் குழாயும் கிடையாது, குப்பியும் கிடையாது. கழுத்தைக் கழற்றி உடம்புக்குள் நேராக மையை ஊற்ற வேண்டியதுதான். எங்கள் ஒட்டு வாயைத் திறந்தால் அத்தனை மையும் எழுதுகிறவர் தாளில்தான் இறங்கும்.

ஒட்டு மேசைக்கு உண்மையான முதலாளி காற்று. மேற்கிலிருந்து கச்சான் அடித்தால் உதடு வெடிக்கும், கண்ணில் மண் விழும், ஆனால் ஒட்டு கல்லாக நிற்கும். கடலிலிருந்து கொண்டல் வந்துவிட்டால் உப்பு ஜாடியே அழும். அந்த ஈரத்தில் ஒட்டினால் குளோரோஃபார்ம் ஆவியாகும் குளிர்ச்சிக்கு, இரண்டு பட்டையும் சேரும் ஒட்டுவாயில் பனி படிந்துவிடும். வெளியே பார்க்க ஒட்டினதுபோலவே இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் உள்ளே மெல்லிய வெள்ளைப் புகை தெரியும். அதற்குப் 'பால்' என்று பெயர் வைத்திருந்தோம். பால் விழுந்த ஒட்டு இன்றைக்குப் பிரியுமா, அடுத்த வருடம் பிரியுமா என்று யாராலும் சொல்ல முடியாது.

அப்படியானால் காற்றில் ஈரம் இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தோம்? மக்ரூனை வைத்து. சிரிக்காதீர்கள். பக்கத்துத் தெருவில் ஒரு பேக்கரி இருந்தது. மக்ரூனுக்குக் கொதிக்கிற அடுப்பு ஆகாது, தணிந்த சூட்டில் நெடுநேரம் கிடக்க வேண்டும். எங்கள் அக்ரிலிக் பட்டைகளுக்கும் ஒட்டுவதற்கு முன்னால் அதே சூடுதான் தேவை. அதனால் அவர்கள் வேலை முடிந்ததும் ஆறிக்கொண்டிருக்கும் அடுப்புக்குள் எங்கள் பட்டைகளை அடுக்கிவிட்டு வருவோம். எடுக்கப் போகும்போது பேக்கரிக்காரர் ஒரு மக்ரூனும் கையில் கொடுப்பார்.

அதை யாரும் தின்னக் கூடாது. சாயங்காலம் வேலை முடிந்து போகும்போது, எறும்பு ஏறாமல் கயிற்றில் தொங்கும் ஒரு தட்டில் திறந்தபடி வைத்துவிட்டுப் போவோம். காலையில் வந்ததும் முதல் வேலையாக நான் அதைக் கடிப்பேன். முட்டை வெள்ளையும் சீனியும் சேர்ந்த பண்டம், காற்றில் கொஞ்சம் ஈரம் இருந்தாலும் உறிஞ்சி நமுத்துவிடும். பல்லில் ஒட்டினால் அன்றைக்கு அறுப்பும் தேய்ப்பும்தான். மொறுக்கென்று உடைந்தால், "ஒட்டலாம்" என்று அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்வேன். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் எனக்கு மரியாதை.

எங்கள் முதலாளியை அண்ணாச்சி என்றே கூப்பிடுவோம். உடன்குடிக்காரர். குடும்பமே கருப்பட்டி வியாபாரம் பண்ண, இவர் மட்டும் பேனாமேல் பைத்தியம் பிடித்து ஊர்விட்டு வந்தவர். வாய் பெரிது, மனசு அதைவிடப் பெரிது. பாவம், கருப்பட்டிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த மனிதருக்குச் சர்க்கரை வியாதி வந்து சேர்ந்தது. அவருடைய வீட்டம்மா ஒருநாள் பட்டறைக்கே வந்து, "இவருக்கு யாராவது இனிப்பக் குடுத்தியன்னா, நான் சும்மா இருக்க மாட்டேன்" என்று எங்கள் எல்லோரையும் எச்சரித்துவிட்டுப் போனார். அண்ணாச்சியும் டீயில்கூட சீனி போடாமல் மூஞ்சியைச் சுளித்துக் குடிப்பார். நாங்களும் நம்பினோம்.

இனி ரோசம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒட்டு மேசையில் என் வலதுபக்கம் உட்காருகிறவள். ஆலந்தலைப் பெண். புருஷன் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், பாரம் சரிந்து விழுந்ததில் இறந்துபோனார். அவருக்குப் பதிலாக இவளுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னார்கள். ஆனால் எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருக்க வேண்டும், அதுவும் அந்த வருடக் கடைசிக்குள். தேறினால் நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற வேலை. தேறாவிட்டால் அந்தப் பேச்சே முடிந்தது.

அவளுக்குக் கணக்கு மட்டும்தான் பாக்கி. கணக்கும் தெரியாதவள் இல்லை. போன தடவை எழுதப் போனபோது பாதியில் பேனா மக்கர் பண்ணியிருக்கிறது. உதறியதில் தாளெல்லாம் மை. உள்ளங்கை வியர்த்து, கண் இருட்டி, தெரிந்த கணக்கையும் விட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குக் கணக்கைவிடப் பரீட்சை அறைதான் பயம். செப்டம்பர் பரீட்சைக்குப் பணம் கட்டிவிட்டு, "அக்கா, அங்கன போய் உக்காந்தா கை வெளங்குமா?" என்று என்னிடம் தினமும் கேட்பாள்.

படிப்பதற்காக லீவு போட்டுவிட்டு ஆலந்தலையில் அம்மா வீட்டுக்குப் போனாள். அவள் லீவில் இருந்த சமயத்தில்தான் எங்களுக்கு ஒரு பச்சை நிற அக்ரிலிக் தகடு கிடைத்தது. அப்படி ஒரு பச்சை அதற்கு முன்னால் நாங்கள் பார்த்ததில்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கொஞ்சம் கட்டைகள் ஒட்டினோம். அதில் கடைந்த முதல் பேனாவை அண்ணாச்சி யாருக்கும் விற்காமல் எடுத்து வைத்து, ரோசம்மாள் ஒருநாள் வந்தபோது கொடுத்தார்.

"இந்தா, ஒனக்குத்தான். இது மக்கர் பண்ணாது. பண்ணிச்சுன்னா என் பேர மாத்திக்கிடுதேன்" என்றார்.

அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊருக்குக் கொண்டுபோய், வேதக் கோவிலில் பீடத்தின்மேல் வைத்துப் பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிக்கொண்டாள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லாரும் அங்கே அப்படித்தான் செய்வார்கள். 'இந்தப் பேனா கையில் இருந்தால் எனக்குப் பயமில்லை' என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். லேத்துக்காரர் ஒரு பச்சைக் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்.

"ஒட்டு மேசக்காரி, இங்கன பாரு. துளை போடும்போதே வாயப் பொளந்துட்டு."

வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தேன். பால். சந்தேகமே இல்லை. அலமாரியில் மிச்சமிருந்த பச்சைக் கட்டைகளை எல்லாம் எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பால். ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினேன். பிரிந்து வந்துவிட்டது.

பச்சை ஒட்டிய அன்றைக்கு மக்ரூனைக் கடித்தது நான்தான். மொறுக்கென்று உடைந்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதை நம்பிக் கட்டைகளை வெளிச்சத்தில் சாய்த்தும் பார்க்கவில்லை. கச்சான் ஓய்ந்து கொண்டல் தலைகாட்டுகிற சமயம்தான், ஆனாலும் மக்ரூன் பொய் சொல்லாதே! விஷயம் கேட்டு வந்து உட்கார்ந்திருந்த முதலாளியிடம் இதை வாய்விட்டே சொன்னேன். "அண்ணாச்சி, அன்னைக்கு மக்ரூன் மொறுமொறுன்னு இருந்துச்சு. எப்படிப் பால் விழும்?"

எப்போதும் முதல் ஆளாகப் பேசுகிற அண்ணாச்சி மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய்த் தன் மர நாற்காலிக்குப் பின்னால் கையை விட்டு ஒரு பிஸ்கட் தகர டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். திறந்து பார்த்தேன். உள்ளே மக்ரூன்.

"அன்னைக்கு நான் வெள்ளனயே வந்துட்டேன் தெரசா," என்றார். "டப்பாவ எடுக்குமுன்ன தட்டுல தொங்குனது கண்ணுல பட்டுச்சு, தின்னுட்டேன். நீ வந்து கேப்பியேன்னு இந்த டப்பாலருந்து ஒண்ண எடுத்து வச்சுட்டேன்."

காற்றுப் புகாத டப்பாவுக்குள் இருந்த மக்ரூன் மொறுக்கென்று உடையாமல் என்ன செய்யும்? வீட்டம்மாவுக்குப் பயந்து பட்டறையில் ஒளித்து வைத்து, எங்களுக்குப் பயந்து பட்டறைத் தட்டையும் நிரப்பி வைத்திருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது.

"அண்ணாச்சி, அந்தப் பச்சையில ஒண்ணு ரோசம்மா கையில இருக்கு" என்றேன்.

அவர் முகம் வெளுத்துப்போனது. "ஏளா... அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பரீச்சைல்லா?"

ஆலந்தலையில் அவள் வீட்டுக்குப் போன் கிடையாது. பரீட்சை நடக்கிற பள்ளிக்கூடம் திருச்செந்தூரில். காலையில் முதல் பஸ்ஸில் போய் வாசலிலேயே பிடிப்பது என்று முடிவு செய்தேன். கச்சானில் ஒட்டிய ஒரு நீலப் பேனாவை எடுத்து, மை ஊற்றி, எழுதிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டேன். கூடவே வீட்டிலிருந்து ஒரு மெழுகுவத்தியும், என் அண்ணன் வலை பின்னுகிற நைலான் நூலில் ஒரு சுருளும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

காலையில் பஸ் நிலையத்துக்குப் போனால் எனக்கு முன்னால் அண்ணாச்சி நிற்கிறார். கக்கத்தில் அந்தத் தகர டப்பா.

"இது எதுக்கு அண்ணாச்சி?"

"வழியில எங்கயாச்சும் தூக்கிப் போடுதேன். வீட்ல போட்டா அவ பாத்துருவா."

ஆறுமுகநேரி உப்பளம் தாண்டியும் அந்த டப்பா அவர் மடியில்தான் இருந்தது. வழி முழுக்க அவருக்கு ஒரே பேச்சு. "நேராப் போயி விஷயத்தச் சொல்லிப்புடுவோம் தெரசா. தப்பு என்னுதுன்னு நானே சொல்லுதேன். நீலப் பேனாவக் குடுத்துட்டுப் பச்சைய வாங்கிக்கிடுவோம். என்னத்துக்கு மூடி மறைக்கணும்?"

எனக்கு அது சரியாகப் படவில்லை. போன தடவை பேனாவால்தான் அவள் நிலைகுலைந்தாள். இந்தத் தடவை அவள் தைரியம் முழுவதும் அந்தப் பச்சைப் பேனாவில் இருக்கிறது. உள்ளே போகிற நேரத்தில் 'ஏளா, இது உடையும்' என்று சொல்லி அதைப் பிடுங்கினால், நீலமோ தங்கமோ எதைக் கொடுத்தாலும் அவளுக்குக் கை ஓடாது. சொல்லாமல் விட்டால் பாதிக் கணக்கில் மை கொட்டும். இரண்டு பக்கமும் பள்ளம். பஸ் குலுங்கக் குலுங்க நான் யோசித்தது இதைத்தான். பயத்தை அவளுக்குக் கொடுக்கக் கூடாது, பேனாவை மட்டும் காப்பாற்ற வேண்டும். மெழுகும் நூலும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் வாசலில் கூட்டமாக நின்றார்கள். எல்லாம் பாவாடை தாவணி, அரைக்கால் சட்டை. நடுவில் வெள்ளைப் புடவையில் ரோசம்மாள் மட்டும் தனியாகத் தெரிந்தாள். உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கையில் பச்சைப் பேனா. எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தாள்.

"அக்கா! அண்ணாச்சி! எனக்காகவா வந்திய?"

"பின்ன, திருச்செந்தூர் கடல்ல குளிக்கவா வந்தோம்?" என்று சிரித்தேன். சிரிப்பு எனக்கே நன்றாகத்தான் கேட்டது. "பேனாவக் கொண்டா பாப்போம்."

வாங்கி, சும்மா பார்க்கிறதுபோல வெயிலில் சாய்த்தேன். பேனாவின் பளபளப்பில் யார் கண்ணிலும் படாத பால், சாய்த்ததும் ஒரு நகத்தளவுக்குத் தெரிந்தது. இன்னும் பிரியவில்லை. அண்ணாச்சி வாயைத் திறக்கப் போனார், நான் அவர் காலை மிதித்தேன்.

"போன தடவ கை வேர்த்துப் பேனா வழுக்குச்சுன்னு சொன்னேல்லா? நூல் சுத்தித் தாரேன். பிடி கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு, மெழுகை ஒட்டுவாயில் அழுத்தித் தேய்த்து நிரப்பினேன். அதன்மேல் நைலான் நூலை நெருக்கமாக, இறுக்கி இறுக்கிச் சுற்றினேன். கயிற்று நுனி பிரியாமல் எங்கள் வீட்டு ஆம்பளைகள் சுற்றுகிற அதே சுற்று. மீனவர் வீட்டில் பிறந்ததற்கு அன்றைக்குத்தான் நன்றி சொன்னேன். முடிச்சைப் பல்லால் இழுத்துவிட்டு அவளிடம் கொடுத்தேன்.

அவள் பேனாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அப்புறம், "நல்லாருக்கு அக்கா" என்றாள். மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

காத்திருக்கிற வேலை இருக்கிறதே, அதைப்போலக் கொடுமை கிடையாது. எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்துக்குள் யாராவது இருமினால்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தேன். கையின் சூட்டுக்கு உள்ளே இருக்கிற காற்று விரியும், விரிந்தால் ஒட்டுவாயைத்தான் நெட்டும், நூல் தாங்குமா? மெழுகு இளகுமா? அந்த வெயிலில் என் புத்திக்கு என்னென்னவோ தோன்றியது. அண்ணாச்சி ஒரு கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "செந்திலாண்டவா, இனிமே ஒரு மக்ரூன்கூடத் தொட மாட்டேன்" என்றார். டப்பாவை மட்டும் இன்னும் கீழே வைக்கவில்லை.

மறுபடி மணி அடித்தது. பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். ரோசம்மாளைக் காணோம். கூட்டம் கரைந்தது. அப்புறமும் காணோம். எழுந்து வாசலுக்கு ஓடினேன். கடைசியில் வந்தாள்.

அவளுடைய வலது கை விரலெல்லாம் நீலம். கட்டைவிரல், நடுவிரல், உள்ளங்கை, எல்லாம் மை. வெள்ளைப் புடவையின் ஓரத்திலும் ஒரு திட்டு.

"ஐயோ, ஒழுகிட்டா ஏளா? தாளெல்லாம் போச்சா?" என்று கத்திவிட்டேன். வாசலில் நின்ற வாத்தியார் திரும்பிப் பார்த்தார்.

ரோசம்மாள் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள். "ஒண்ணும் போகல அக்கா. எல்லாக் கணக்கும் போட்டாச்சு. மீதி நேரம் இருந்துச்சு, சரிபாத்துட்டும் வந்துட்டேன்."

"அப்ப இந்த மை?"

"தொட்டுத் தொட்டு எழுதுனா ஒட்டாம என்ன செய்யும்?"

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவள் முதலில் கேள்வித்தாளைப் பார்க்கவில்லை, பேனாவைத்தான் பார்த்திருக்கிறாள். நூல் முடிந்த இடத்துக்குக் கீழே, பேனாவின் அடியில் கொஞ்சம்போல் தெரிந்த ஒட்டுவாயை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்திருக்கிறாள். பால் தெரிந்திருக்கிறது. அது பழைய பள்ளிக்கூடம், மேசையில் குழிவெட்டிப் பீங்கான் மைக்கூடு வைத்திருந்தார்களாம், காய்ந்துபோய்க் கிடந்ததாம். பேனாவின் கழுத்தைக் கழற்றி மையெல்லாவற்றையும் அதில் ஊற்றிவிட்டு, காலிப் பேனாவில் கழுத்தைத் திரும்ப மாட்டி, நிப்பை மையில் தொட்டுத் தொட்டே பரீட்சை முழுவதையும் எழுதியிருக்கிறாள். உள்ளே மை இல்லாத பேனா பிரிந்தால்தான் என்ன, பிரியாவிட்டால்தான் என்ன?

"பால் இருக்குன்னு உனக்கு எப்படித் தோணுச்சு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் சொன்னிய."

"நானா? நான் வாயே தெறக்கலியே."

"கை வழுக்கும்னு நூல் சுத்துறவங்க பிடிக்கிற எடத்துலதான சுத்துவாங்க? நீங்க மேலருந்து கீழவரைக்கும் சுத்துனிய. ஒட்டுவாயில மெழுகு வேற. நான் உங்க மேசைலதான அக்கா உக்காந்திருக்கேன்?" என்றாள். "அதுபோக, நீங்க சிரிச்சது எப்பவும் சிரிக்கிற மாதிரி இல்ல. அண்ணாச்சி பேசாம நின்னாரு. அண்ணாச்சி பேசாம நின்னு நான் பாத்ததே இல்ல."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்காம உள்ள போன?"

"நீங்க பயந்து போயிருந்திய. நான் கேட்டா இன்னும் பயந்துருவியன்னு கேக்கல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவள் பயந்துவிடக் கூடாது என்று நான் மறைத்தேன். நான் பயந்துவிடக் கூடாது என்று அவள் மறைத்தாள். இடையில் அண்ணாச்சி ஒருத்தர் தன் காலை மிதிபடக் கொடுத்துக்கொண்டு நின்றார்.

"என்ன பெரிய பாலு, நூலு" என்று அண்ணாச்சிக்குப் பழைய சுருதி திரும்பிவிட்டது. "நம்ம பேனா அப்படியெல்லாம் சீக்கிரம் உடையாது. இங்க கொண்டா." வாங்கி, நூலைப் பிரித்து, லேசாக ஒரு திருகு திருகினார். வேர்க்கடலைத் தோடு மாதிரி பேனா இரண்டாகத் திறந்துகொண்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மை இருந்திருந்தால்? ரோசம்மாள்தான் முதலில் மூச்சு விட்டாள். "மந்திரிச்ச பேனாதான் அண்ணாச்சி. எழுதி முடிக்கிறவரைக்கும் இருந்துச்சுல்லா?" என்று சொல்லி இரண்டு துண்டையும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். அண்ணாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது வியர்வை மட்டும் இல்லை. அப்புறம் தகர டப்பாவைத் தூக்கி அவளிடம் கொடுத்து, "இதையும் நீயே வச்சுக்க. என் கையில இருந்தா நல்லதுக்கில்ல" என்றார். தூக்கிப் போட மனசு வராதவருக்குக் கொடுக்க மனசு வந்தது.

பிள்ளைகளே, இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது மெழுகும் நூலும் இல்லை. அந்தச் சுற்று அழகான சுற்றுதான், இன்றும் எனக்கு அதில் பெருமை உண்டு. ஆனால் அன்றைக்குப் பரீட்சையைக் காப்பாற்றியது அது இல்லை. ரோசம்மாளுக்கு விஷயம் தெரிந்ததுதான் காப்பாற்றியது. அவளை நான் போன தடவை அழுதுகொண்டு திரும்பி வந்தவளாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் மேசையில் உட்கார்ந்து ஆயிரம் ஒட்டுவாய் பார்த்தவள் என்பதை வாசலில் நிற்கும்போது மறந்துவிட்டேன். நீங்கள் செய்த பொருளில் குறை தெரிந்தால், அதைப் பிடித்திருக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு அதைத் தாங்குகிற தெம்பு இருக்குமா என்று நீங்களாக எடைபோடாதீர்கள். பெரும்பாலும் அவருக்கு இருக்கும், நமக்குத்தான் இருக்காது. இன்னொரு தடவை அந்த வாசலில் நிற்க நேர்ந்தால், நூல் சுற்றிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

பட்டறையில் மிச்சமிருந்த பச்சைக் கட்டைகளை அண்ணாச்சியே தன் கையால் உடைத்துப் போட்டார். மறுநாளே ஓர் எலிக்கூண்டு வாங்கி வந்தோம். மக்ரூனை அதற்குள் வைத்துக் கதவைக் கம்பியால் கட்டி, அதைத்தான் அப்புறம் தொங்கவிட்டோம். காற்று தாராளமாகப் போய்வரும். புதிதாக வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இங்க எலித் தொல்லை ஜாஸ்தியா?" என்று கேட்பார்கள். "ஆமா, கொஞ்சம் பெரிய எலி" என்போம். அண்ணாச்சி காதில் விழாததுபோல் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு டீ குடிப்பார்.

ரோசம்மாள் தேறினாள். வருடம் முடிவதற்குள் வேலைக்கான உத்தரவும் வந்துவிட்டது. சேதி கேட்ட அன்றைக்கு லேத்தெல்லாம் நிறுத்திவிட்டு எல்லாரும் கத்தினோம். அண்ணாச்சி அவளிடம், "ஒனக்கு ஒரு பேனா பாக்கி இருக்கு. என்ன நெறம் வேணும் சொல்லு" என்றார்.

"பச்சைதான்" என்றாள். "ஆனா கட்டைய நானே ஒட்டுவேன்."

அது மழைக்காலம். சில தடவை வந்து பார்த்தாள். மக்ரூன் நமுத்துக் கிடந்தது. திரும்பிப் போனாள். வேலையில் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டு வெயில் ஏறிய ஒரு காலையில் மறுபடியும் வந்தாள். பட்டைகளை எல்லாம் எடுத்து அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இதுல பால் விழுந்தா என்கிட்ட சொல்லுவியல்லா அக்கா?"

"சொல்லுவேன் ஏளா. மொத ஆளா உன்கிட்டதான் சொல்லுவேன்."

அவளே எலிக்கூண்டைத் திறந்து மக்ரூனை எடுத்தாள். நாங்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தோம். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

"ஒட்டலாம்" என்றாள், அறை முழுக்கக் கேட்கிற மாதிரி.